கடலைக் கற்றவர் கரைக்கு என்ன கொடுத்தார்?

காரைநகர்க் கடற்றொழிலாளரிடம் ஆராய்ச்சி என்பது யாது என வினவினால், அவர்கள் கூறக்கூடிய விடை மூன்று வினைச்சொற்களில் அடங்கிவிடும்: வருவார்கள், கேட்பார்கள், போவார்கள். நான்காவதாக ஒரு வினைச்சொல் இருந்திருக்க வேண்டும். அது இல்லை. அந்த இல்லாமையைப் பற்றியே இங்குப் பேச முற்படுகிறோம்.

பொன்னாலையையும் காரைநகரையும் இணைக்கும் பாலத்தின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது ஆழமற்ற நீர். அதில் வரிசை வரிசையாக நாட்டப்பட்ட தடிகளும் அவற்றில் கட்டிய வலைகளும், தடிகளின் மேல் குந்தியிருக்கும் கடற்பறவைகளும் அவ்வழியே செல்வோர் யாவரும் கண்ட காட்சிகள். பேருந்திலிருந்து பார்ப்பவனுக்கு அது ஓர் அழகிய படம். தடி நாட்டியவனுக்கோ அது ஒரு புத்தகம். சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் இறால் எப்பக்கம் நகரும், சாதாளை எங்கே அடர்ந்து வளரும், எங்கே அடர்ந்திருந்து பின் அழிந்தது, ஓராக் குஞ்சுகள் எவ்விடத்தில் மேயும், நண்டு எப்போது ஓடு கழற்றும் என்பனவெல்லாம் அவன் தந்தையிடமிருந்தும் தன் பசியிடமிருந்தும் கற்றுக்கொண்டவை.

இத்தகைய ஒருவரிடம் பல்கலைக்கழகத்திலிருந்து கேள்விக்கொத்தோடு ஓர் இளைஞரோ யுவதியோ வருகிறார். தொழிலாளி தன் காலை வேளையைக் கொடுக்கிறான்; தன் வள்ளத்தில் ஏற்றிச் செல்கிறான்; மீன்களின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறான். ஈராண்டுகளின் பின் இவையனைத்தும் அட்டவணைகளாகவும் வரைபுகளாகவும் மாறி, ஆங்கிலத்தில் தட்டெழுதப்பட்டு, கறுப்பு அட்டை கட்டி, நூலக அலுமாரியில் ஏறுகின்றன. சில கட்டுரைகள் வெளிநாட்டுச் சஞ்சிகையில் வெளிவந்து, ஆய்வாளருக்குப் பட்டத்தையும் பேராசிரியருக்குப் பதவியுயர்வையும் பெற்றுக் கொடுக்கின்றன. அவற்றை நாம் குறை கூறவில்லை. உழைத்தவருக்கு ஊதியம் வேண்டும். ஆனால் வள்ளம் கொடுத்தவனுக்குத் தான் சொன்னதன் முடிவு என்னவாயிற்று என்பது இறுதிவரை தெரியாமற் போவது எந்த நியாயத்தின் பாற்படும்? அவனுடைய கடலைப் பற்றி ஒஸ்லோவில் இருப்பவன் அறிந்தது காரைநகரில் இருப்பவனுக்குத் தெரியாதெனில், அதை விஞ்ஞானம் என்பதா, ஏற்றுமதி என்பதா?

இதைக் கேட்டதும் எழும் முதல் விடை நாம் அறிந்ததே: "மக்களுக்கு இவை விளங்கமாட்டா." இக்கூற்றைப் போன்ற சோம்பேறித்தனமான பொய் வேறில்லை. செய்மதி வழி இடங்காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பவன் இவன். கடலின் வற்றையும் பெருக்கையும் பிறையை வைத்துக் கணிப்பவன் இவன். ஒரு வரைபிலே கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று இவனுக்கு விளங்காதாம்! விளங்காது என்பவர்கள் ஒரு தடவையேனும் விளக்க முயன்றதுண்டா என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. நமது கடலை விஞ்ஞானத்தின் கண்கொண்டு நோக்கிய முதல் முயற்சிகள் யாருடைய தேவைக்காக எழுந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1850களின் இறுதியில் கெலார்ட் என்ற வைத்தியர் முத்துச்சிப்பியை ஆராய நியமிக்கப்பட்டார். 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கினார். மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை 1903 முதல் 1906 வரை இலண்டன் ரோயல் சங்கத்தால் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிடப்பட்டது. கடற்பஞ்சு முதல் நுண்புழு வரை அதில் விவரிக்கப்படாத உயிர் அரிது. அத்தொகுதிகள் இன்றும் அருஞ்செல்வமே. ஆயின் அவற்றைக் கேட்டு வாங்கியது யார்? குடியேற்ற அரசின் திறைசேரி. முத்துக்குளிப்பு ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது, வருமானம் ஏன் விழுகிறது என்பதே அரசுக்கு வேண்டிய விடை. 1906இல் அப்படுகைகள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பி இல்லாமற் போயிற்று. கம்பனியும் கலைந்து போயிற்று. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு அந்த ஐந்து தொகுதிகளில் ஒரு பக்கமும் வாசித்துக் காட்டப்படவில்லை.

துரைமார் போயினர். அறிவு செல்லும் திசை மட்டும் மாறவில்லை. அன்று போலவே கரையிலிருந்து மேலே மேலே போகிறது. கீழே வருவது வர்த்தமானி அறிவித்தல் மட்டுந்தான். 2015 யூன் மாதம் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுண்டிக்குளமும் மடு வீதியும் ஆதாம் பாலமும் அதே நாளில் பிரகடனமாயின. அத்தீவின் மட்டக்குதிரைகளையும் பெருக்குமரத்தையும் காக்கவேண்டியது அவசியந்தான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பாதுகாக்கப்படுவது எது, எதனால் அதற்கு ஆபத்து, எவருடைய மேய்ச்சல் நிலம் எவ்வளவு அதனுள் அடங்குகிறது என்பவற்றை அத்தீவின் மாடு வளர்ப்பவனோடு அமர்ந்து பேசாமல் ஒரு கோட்டைக் கீறிவிட்டு, பின்னர் அவன் அதை மதிக்கவில்லை என்று குற்றஞ் சாட்டுவதில் பயனென்ன?

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். "தமிழில் இதற்குச் சொற்கள் இல்லை" என்பது இரண்டாவது விடை. காரைநகரிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிறிது தூரத்தில் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து பணி தொடங்கியது அங்கேதான். பின்பு மானிப்பாயில் நிலைகொண்டார். அவர் செய்த காரியம் என்ன? மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். சொல் இல்லாத இடத்தில் சொல் தேடினார். தேடிக் கிடைக்காத இடத்தில் ஆக்கினார். உடற்கூற்றையும் சத்திர வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். இரசாயனம் பற்றிய "கெமிஸ்தம்" 1875இல் வெளிவந்தது. பாதிரிமாரின் நோக்கங்கள் பற்றி நமக்குள்ள விமர்சனங்கள் நமக்கு உண்டு. ஆனால் கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த ஒன்றை, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நமது விஞ்ஞானிகள் இன்று இயலாதது என்கிறார்கள்! இதற்கு நாணுவதா நகுவதா?

இன்னும் வேடிக்கை கேளுங்கள். காரைநகர் மாணவி ஒருத்தி க.பொ.த. உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிலேயே கற்கிறாள். கலப்பிரிவையும் பிறப்புரிமையியலையும் ஒளித்தொகுப்பையும் தமிழிலே எழுதிப் பரீட்சையில் சித்தியெய்துகிறாள். பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் நுழைந்த நாள் தொட்டு எல்லாம் ஆங்கிலம். நான்கு ஆண்டுகளில் அவளுடைய மூளையிலிருந்த தமிழ் விஞ்ஞானம் வழித்துத் துடைக்கப்படுகிறது. தன் ஊரின் சாதாளையைப் பற்றி ஆராய்ந்து முடித்தபின், அதைத் தன் தந்தைக்குச் சொல்ல அவளிடம் மொழி இல்லை. அவளது குற்றமா அது? ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை. உலகத்து அறிஞரோடு உரையாட அது வேண்டும். உலகத்தோடு பேசுவதற்கு இருநூறு பக்கம் எழுதுபவர், ஊரோடு பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதக்கூடாதா என்பதே நமது கேள்வி.

சொற்களைப் பொறுத்தவரை, பஞ்சம் நம்மிடம் இல்லை. கண்டல், சாதாளை, களப்பு, ஓரா, திரளி, உள்ளான், கூழைக்கடா என்று ஒவ்வோர் உயிருக்கும் இடத்துக்கும் கரையில் பெயர் உண்டு. பல பெயர்கள் முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு காரைதீவு, இன்று காரைநகர். காரைச்செடி மிகுந்திருந்ததால் வந்த பெயர் என்பர். அந்தச் செடியைக் காட்டென்றால் வகுப்பிலே எத்தனை பேர் காட்டுவார்கள்? ஆனால் கசூரினா கடற்கரையை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை. கசூரினா என்பது நாம் சவுக்கு என்னும் மரந்தான். கீழ்த்திசையிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். சொந்தச் செடியின் பெயரால் விளங்கிய ஊர் நட்ட மரத்தின் ஆங்கிலப் பெயரால் உல்லாசப் பயணிகளுக்கு அறிமுகமாகிறது. இயற்கையைப் பற்றி நமது மக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் செய்தி இத்தகைய விளம்பரம் ஒன்றேதான் போலும்.

நிற்க. இவையெல்லாம் பண்பாட்டுக் கவலைகள், வயிற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் சிலர். கடலட்டையைப் பாருங்கள்; தொடர்பு தெரியும்.

கடலட்டை பல காலமாக இக்கரையிலிருந்து சீன நாட்டுக்குப் போகும் பொருள். அண்மைக் காலத்தில் அதைக் கடலிலேயே வேலி அடைத்து வளர்க்கும் பண்ணைகள் தீவகத்திலும் கிளிநொச்சிக் கரையிலும் பரவலாயின. 2021இல் பூநகரியின் கௌதாரிமுனையில் சீனர் பங்கு கொண்ட பண்ணை ஒன்று பெருஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. 2022இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் பெருமளவில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அந்நியச் செலாவணி இன்றி நாடே தத்தளித்த ஆண்டு அது. உடனே கரை இரண்டாகப் பிரிந்தது. பண்ணை வேண்டும் என்று ஒரு சாரார். களங்கட்டிக்காரனின் பாட்டில் மண் விழுகிறது என்று மற்றொரு சாரார். ஒரே ஊர், ஒரே சங்கம், சில இடங்களில் ஒரே குடும்பம்.

இந்த விவாதத்தில் விஞ்ஞானம் சொல்லக்கூடியது ஏராளம். வெள்ளை அட்டை சேற்றை உட்கொண்டு அதிலுள்ள அழுகற் பொருளைச் செரித்து மணலை வெளிவிடும் பிராணி. கடலடியை உழுகின்ற மண்புழு என்று சொன்னால் பிழையாகாது. அதன் குஞ்சுகள் முதலில் ஒட்டிக்கொள்வது சாதாளையின் இலையில். அந்தச் சாதாளைப் புல்வெளியே இறாலுக்கும் ஓராவுக்கும் நண்டுக்கும் தொட்டில். அது பாசியன்று, பூத்துக் காய்த்து வேரூன்றும் தாவரம். வெளிச்சம் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும். வேரிலும் சேற்றிலும் கரியைச் சேமித்து வைப்பதால் இன்று உலகமே அதன்மேல் கண் வைத்திருக்கிறது. ஆகவே ஓர் இடத்தில் வேலி அடைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை: அவ்விடத்தில் சாதாளை எவ்வளவு? வேலி நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கும்? ஓர் ஏக்கரில் எத்தனை அட்டைக்கு மேல் விட்டால் சேற்றில் இரை போதாது? குஞ்சு மீன் வந்துபோகும் வழி எது?

நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. நீரியல் வளர்ப்புக்கென நெக்டா என்ற அதிகார சபை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கிறது. இத்தனையும் இருக்கையில், பண்ணைக்கு எதிராக எழுந்து நிற்கும் தொழிலாளியின் கையில் ஒரு தாள் இல்லை; பண்ணைக்கு விண்ணப்பிக்கும் தொழிலாளியின் கையிலும் ஒரு தாள் இல்லை. இருவரும் வதந்தியை வைத்துக்கொண்டு மோதுகிறார்கள். இருட்டில் நடக்கும் சண்டையில் வெல்பவன் எவன்? முதல் போட்டு, குஞ்சு விற்று, விளைந்ததை வாங்கி, விலையையும் தானே நிர்ணயிக்கும் மூன்றாமவன். அறிவைப் பகிராமை நடுநிலைமை என்று ஆராய்ச்சியாளர் எண்ணிக்கொண்டிருக்கலாம். உள்ளவன் தனக்கு வேண்டிய நிபுணனைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வான். இல்லாதவனுக்குத்தான் பொது நிதியில் விளைந்த பொது அறிவு தேவைப்படுகிறது. அதைப் பூட்டி வைப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு பக்கம் சேர்ந்தவரே ஆகிறார்.

கண்டலின் கதை இதனினும் கசப்பானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையெங்கும் கண்டல் நடும் இயக்கம் பொங்கியெழுந்தது. உதவி நிறுவனங்கள் பணம் கொடுத்தன. பிள்ளைகள் வரிசையில் நின்று நட்டனர். அமைச்சர்கள் குனிந்து நட்டு நிமிர்ந்து படமெடுத்துக்கொண்டனர். றுகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜிய அறிஞரும் சேர்ந்து இவ்வாறு நட்ட 23 இடங்களுக்குச் சென்று பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டவற்றுள் உயிரோடு நின்றவை 200 ஹெக்டேயர் அளவிலேயே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. காரணம்? கண்டல் நில்லாத தாழ்ந்த சேற்றில் நட்டமை, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டமை, நட்டபின் திரும்பிப் பாராமை, மாடு மிதித்தமை. இவற்றில் எதை எங்கள் களப்புக்கரைக் கிழவி அறியமாட்டாள்? கண்டல் தானாக முளைக்காத இடத்தில் ஏன் முளைக்கவில்லை என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. இனி, அந்த ஆய்வு வெளிவந்த பின்னரும் நடுகை விழாக்கள் நின்றனவா? ஒவ்வோர் ஆண்டும் யூன் 5ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கும் அதிபர்களுள் எத்தனை பேர் அதன் ஒரு பக்கத்தையேனும் பார்த்திருப்பார்கள்? விஞ்ஞானி உண்மையைக் கண்டறிந்தார். உண்மை ஆங்கிலச் சஞ்சிகையில் உறங்கிற்று. கன்றுகள் சேற்றில் செத்தன.

இழுவைப்படகுப் பிரச்சினையை நமது பத்திரிகைகள் எல்லைப் பிரச்சினையாகவே எழுதி வருகின்றன. தமிழகத்துப் படகுகள் இரவில் வந்து, காரைநகர் முதல் நெடுந்தீவு வரையுள்ள தொழிலாளரின் வலைகளை அறுத்துச் செல்வது பல ஆண்டுத் துயரம். காரைநகர் மக்கள் 1991இல் ஊரைவிட்டே பெயர்ந்தவர்கள். திரும்பி வந்து வலையைத் தொட்டபோது இந்தக் கொள்ளை காத்திருந்தது. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடியிழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. சட்டம் வேண்டியதே. ஆனால் இங்கே நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பாக்குநீரிணையின் இரு கரையிலும் வலை இழுப்பவன் தமிழன், தமிழ் வாசிப்பவன். அவ்வாறிருக்க, இழுவை வலை கடலடியில் என்ன செய்கிறது, அதன் கனத்த பலகைகள் சாதாளையை வேரோடு கிளப்பிச் சேற்றைக் கலக்கிய பின் அந்நிலம் மீள எவ்வளவு காலம் எடுக்கும், வலையில் ஏறும் மீனில் எவ்வளவு விற்கத் தகாத குஞ்சு என்பவற்றை இராமேசுவரத்தில் படகுக் கூலியாக இருப்பவனுக்கு எடுத்துச் சொல்லும் தமிழ் வெளியீடு எங்கே? படகு அவனுடையதன்று, முதலாளியுடையது. சிறைக்குப் போவது மட்டும் அவன். தன் பிள்ளையின் கடலைத் தானே உழுது மலடாக்குகிறோம் என்று அவன் உணரும் நாளில், கடற்படை செய்ய முடியாததை அவன் செய்வான். இரு கரைக்கும் பொதுவான மொழி ஒன்று கையில் இருந்தும், அக்கடலைப் பற்றிய விஞ்ஞானம் இரு கரைக்கும் அந்நியமான மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கிறது.

இழுவைத் தொழில் வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1952இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நோர்வேத் திட்டம் சிறு தொழிலாளருக்கு இயந்திரப் படகு கொடுக்கப் புறப்பட்டு, இறால் ஏற்றுமதி இலாபம் தெரிந்ததும் இழுவைக்குத் திரும்பிற்று. அதே நோர்வே மக்களின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத் தொழிற்சாலை சிறு படகுகளையே கட்டிற்று. ஒரே நாட்டின் உதவி, இரு கரைகளில் இரு விளைவு. எது யாருக்காக என்ற கேள்வியை எவர் கேட்டார், எவர் கேட்கவில்லை என்பதிலேயே வித்தியாசம் இருக்கிறது.

நமது தொழிலாளரைக் குற்றமற்றவர் என்று பாடவும் நாம் வரவில்லை. 2006இல் தடை செய்யப்பட்ட தங்கூசி வலை இன்றும் நம் களப்புகளில் இறங்குகிறது. நாட்டார் அறிவு என்று கைகூப்பிவிட்டு நின்றுவிடுவதும் ஒருவகை மேட்டிமையே. கரையில் உள்ள அறிவும் சோதனைக்குரியது. தந்தை சொன்னதால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. ஆனால் சோதனையை அவன் முன்னிலையில் செய். முடிவை அவன் மொழியில் சொல். பிழை அவனுடையதாயின் அதையும் அவன் முகத்துக்கு நேரே சொல். அவனைச் சமமாக மதிப்பது அதுவே.

அறிவு மறைந்திருக்கும் இடத்தில் என்ன முளைக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததென மக்கள் 2014லும் 2015லும் போத்தல்களில் நீரை ஏந்தித் தெருவில் நின்றார்கள். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஒன்று சொல்லிற்று. வேறு நிறுவனங்களின் சோதனைகள் வேறொன்று சொல்லின. குடிக்கலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்விக்குத் தாய்மாருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2019 ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம் மாசடைவை ஏற்று, தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் எனத் தீர்த்தது. விஞ்ஞானிகள் கூறியிருக்க வேண்டியதை ஈற்றில் நீதியரசர்கள் கூற நேர்ந்தது. அதற்குள் விஞ்ஞானி என்ற சொல்லின் மீதே ஐயம் படிந்துவிட்டது. அந்த ஐயத்தைக் கழுவுவது கிணற்றைக் கழுவுவதினும் கடினம்.

வேறு வழி இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 1962இல் சில விஞ்ஞான எழுத்தாளர் கூடி சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினர். மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவதே அதன் தொடக்க வேலை. 1970களில் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்ட அரசு முற்பட்டபோது, அதன் அறிஞர்கள் தாவரவியல், பொருளியல், மின்னியல் என்ற பல துறையினரும் சேர்ந்து திட்டத்தைப் பகுத்தாய்ந்து அறிக்கை வெளியிட்டு, அதை ஊரூராக எடுத்துச் சென்றனர். ஆசிரியர்களே அதன் முதுகெலும்பு. அணை 1983இல் கைவிடப்பட்டது. இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும்: மாநிலத்து இடதுசாரிகளில் மிகப் பலர் அன்று அணையின் பக்கமே நின்றார்கள். தொழில் வளர்ச்சிக்குக் குறுக்கே குரங்கும் காடும் நிற்பதா என்று கேட்டார்கள். விஞ்ஞானம் கற்ற தோழர்கள் தம் தோழர்களோடேயே வாதாட வேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் அங்கேயே காணலாம். மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி ஆராய்ந்த குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. அதை மக்களின் மொழிகளில் பெயர்த்துக் கிராம சபைகளில் விவாதிக்க வேண்டுமென்பது அவரது நிலைப்பாடு. மத்திய அரசோ அதை வெளியிடாமல் வைத்திருந்தது. தகவல் அறியும் சட்டத்தின் வழி போராடிய பின்னரே 2012 மே மாதம் அது வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கல் குவாரிக்காரரும் அவர் நண்பரும் மலைவாழ் குடியானவரிடம் சென்று, உன் நிலத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்று கூறிவிட்டனர். அறிக்கையை வாசிக்க வழியற்ற குடியானவர், தம்மைக் காக்க எழுதப்பட்டதையே எதிர்த்துத் தெருவில் இறங்கினர்.

நம்மவரையும் நாம் விட்டுவிடலாகாது. பறவையை எண்ணுவது துரைமார் பொழுதுபோக்கு, பசித்தவனுக்கு நாரை எதற்கு என்று நமது முற்போக்கு மேடைகளில் எத்தனை முறை கேலி செய்தோம்! ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். எண்ணுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும். உள்ளான் வராத சேறு செத்த சேறு. அதில் இறாலுக்கும் இரை இராது. நாரையின் எண்ணிக்கை களங்கட்டிக்காரனின் வருமானத்தை முன்கூட்டியே அறிவிக்கும் கணக்கு என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பின் என்ன செய்வது? பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. தீவகத்துக் கடலிலோ நிலத்திலோ எடுத்த தரவைக் கொண்டு எழுதும் எந்த ஆய்வேடும், தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் இன்றி ஏற்கப்படலாகாது என்று பல்கலைக்கழகம் ஒரு விதி செய்யட்டும். அதற்குப் பணம் தேவையில்லை, மனம் தேவை. அச்சுருக்கம் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் போகட்டும். 2005 முதல் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு படி போகட்டும். பண்ணைக்கோ காற்றாலைக்கோ குத்தகை கொடுப்பதற்கு முன் அவ்விடத்து ஆய்வுகள் தமிழில் வாசிக்கப்படாத கூட்டத்தைக் கூட்டமென்றே சங்கங்கள் ஏற்க மறுக்கட்டும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களிடமிருந்து அறிக்கைகளைக் கேட்டுப்பெற வழி திறந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஓர் ஆசிரியரும் ஒரு தபால் முத்திரையும் போதும்.

ஆசிரியர்களே, உங்களில் விஞ்ஞானம் கற்பிப்போர் கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்துகொண்டு, பாடநூலில் அச்சிட்ட கடற்சூழலை மனப்பாடம் செய்விக்கிறீர்கள். மாணவர்களே, உங்களுள் ஒருவர் நாளை கேள்விக்கொத்தோடு பொன்னாலைப் பாலத்தில் இறங்கப் போகிறவர். அப்போது வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவர் உங்களை அமரச் சொல்வார், தேநீர் தருவார். உங்கள் முதற் கேள்விக்கு முன் அவர் தமது கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை இனித் தொடங்கட்டும்: "தம்பி, போன முறை வந்த பிள்ளை எழுதிக்கொண்டு போனதிலை என்ன கண்டவையாம்?"